நாலு புள்ளி, ஒரு படகு: ஸ்ப்ளிட்டில் ஏழு ராத்திரி

குரோஷியாவில் படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போய் வரலாமா என்று யோசிக்கிற குடும்பத்துக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். விளம்பரத்தில் ஒரு வாரத்துக்கு 6,000 யூரோ என்று போட்டிருந்தது. கடைசியில் எங்கள் கையை விட்டுப் போனது 9,600. விமானச் சீட்டும் விசாவும் இதில் சேராது. நாலு புள்ளி போனோம் (கல்யாணமான ஜோடி ஒன்று நகரத்தாராகிய எங்களுக்கு ஒரு புள்ளி, கோயில் வரியே அந்தக் கணக்கில்தான்), ஆகப் புள்ளிக்கு 2,400 யூரோ. 2025 செப்டம்பரில் ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது, அதனால் புள்ளிக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய். தகுமா என்றால் தகும். ஆனால் படகைப் பதிவு செய்து கொடுத்த கம்பெனிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் போட மனசு வரவில்லை. படகுக்கு நாலு. படகோட்டிய தம்பிக்கு ஐந்துக்கு ஆறு போடலாம்.

அண்ணனுக்கு வைகாசியில் காரைக்குடி வீட்டில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், நடந்தது. வந்த கூட்டத்தில் அண்ணனோடு நான் மொத்தமாகப் பேசியது பந்தியில் உப்பு சரியா இருக்கா என்பது மட்டும்தான். அதைவிட வேடிக்கை, அத்தனை பெரிய வீட்டில் அறைக்கு என்ன குறை, ஆனாலும் ஏசி இல்லை என்று சிங்கப்பூரில் இருக்கிற தம்பி குடும்பமும் ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) குடும்பமும் ஓட்டலில் போய்ப் படுத்தார்கள். மூன்றாம் நாள் வீடு காலி, பூட்டு தொங்குகிறது. அப்போதுதான் ஜெர்மனியில் வேலை பார்க்கிற ஆச்சி மகன் ஒரு யோசனை சொன்னான்: "படகு எடுத்துப் போனா யாரும் எந்திரிச்சுப் போக முடியாது அம்மான்." விளையாட்டாகச் சொன்னான், அண்ணன் பிடித்துக்கொண்டது.

நம்ம கடலிலேயே போகக்கூடாதா என்று கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, நினைத்த இடத்தில் இறங்கி ராத்தங்க முடியாது, அது சரியும்கூட. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறார்கள், காரைக்குடிக்காரர்கள் காலையில் கிளம்பி மத்தியானம் வீடு வந்து சேரலாம். அருமையான இடம். ஆனால் அது ஒரு நாள் சமாச்சாரம். எட்டுப் பேர் ஒரு வாரம் ஒரே படகில் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிட்டு ஊர் ஊராகப் போக வேண்டுமானால் கொஞ்சம் தூரம்தான் போக வேண்டியிருக்கிறது. ஆச்சி மகன் குரோஷியாவில் ஸ்ப்ளிட் என்கிற ஊரைத் தேர்ந்தெடுத்தான். தீவுகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன, வெயில் காலத்தில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், இதுதான் காரணம்.

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோ நாணயத்துக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டுக்கும் ஒரே நாளில் மாறிவிட்டது. ஆக நமக்கு வேண்டியது சாதாரண ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். படகு வாடகை அங்கே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் ஓடுகிறது. சனி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறுவது, அடுத்த வெள்ளி சாயங்காலமே துறைக்குத் திரும்பி, சனி காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுவது. ஏழு நாள் என்று பேர், கடலில் ஓடுவது ஆறு நாள். புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள், கடல் ஊருக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா என்று ஆவணிக் கடைசியில், செப்டம்பர் 6 சனிக்கிழமை ஏறுவதாகப் பதிவு செய்தோம். ஜூலை ஆகஸ்டில் இதே படகுக்கு வாடகை எங்கோ போய்விடுகிறது.

இரண்டு நாள் முன்பே போய் ஸ்ப்ளிட்டில் தங்கினோம். எல்லோருக்கும் இதையே சொல்வேன். திருச்சியில் கிளம்பி இரண்டு இடத்தில் விமானம் மாறிப் போய் இறங்குகிற உடம்போடு நேரே படகில் ஏறினால் முதல் ராத்திரியே குமட்டும். ஊரும் அப்படிப்பட்ட ஊர். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவியைத் தானே விட்டு இறங்கி, கி.பி. 305-இல் ஓய்வெடுக்க வந்து தங்கிய அரண்மனைதான் இன்றைக்கு ஊரின் நடுப்பகுதி. பாழடைந்து கயிறு கட்டி வைத்த இடம் என்று நினைத்துப் போனால், உள்ளே துணி காய்கிறது, ஜன்னலில் ரேடியோ பாடுகிறது, பழைய சுவருக்குள் புதுச் சுவர் வைத்து ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. நடு முற்றத்துக்கு வேண்டிய கருங்கல் தூண்களை எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்திருக்கிறார், கூடவே மூவாயிரத்துச் சொச்சம் வயசுள்ள ஒரு ஸ்ஃபிங்க்ஸ் சிலையும். பர்மாத் தேக்கைக் கப்பலில் இழுத்து வந்து வீட்டு நடு முற்றமான வளவில் நட்டவர்களின் பேரன்கள் நாங்கள், அதனால் அந்தத் தூணைப் பார்த்ததும் நாலு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தோம், கையை வைத்துத் தடவி, முழுத்தூணா ஒட்டுப்போட்டதா என்று பார்த்தோம். சுவரெல்லாம் எதிரே தெரிகிற பிராச் தீவின் வெள்ளைக் கல். மறுபடியும் ஆட்சிக்கு வாருங்கள் என்று கூப்பிட வந்தவர்களிடம், நான் போட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று அந்தப் பேரரசர் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. அறுபது முடிந்து வேலையை விட்ட அண்ணனுக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஊரில் தோட்டத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டது.

சரி, படகு. லகூன் 42 என்கிற மாடல், இரண்டு அடிப்பகுதி உள்ள கேட்டமரான். அந்த வார்த்தை நம்ம கட்டுமரம்தான் என்று ஆச்சி வீட்டுக்காரர் அயித்தான் படகோட்டித் தம்பிக்கு விளக்கினார். அப்படியானால் நீங்களே ஓட்டுங்கள் என்று அவன் சக்கரத்தை விட்டு நகர்ந்து நின்றான். அயித்தான் வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர், கடல் அவருக்குப் பற்றும் இல்லை வரவும் இல்லை. அன்றைக்கு அதோடு வாயை மூடினார்.

இந்தப் படகின் அமைப்பைச் சொன்னால்தான் எங்களுக்கு ஏன் ஒத்து வந்தது என்று புரியும். இடது பக்கம் இரண்டு அறை, வலது பக்கம் இரண்டு அறை, ஒவ்வொன்றிலும் இரட்டைக் கட்டில். நடுவில் எல்லோருக்கும் பொதுவான கூடம், அதிலேயே சமையல். பின்னால் நிழலோடு சாப்பாட்டு மேசை. முன்னால் வலை கட்டிய திறந்தவெளி. எங்கள் வீட்டு வளவைச் சுற்றி ஒவ்வொரு மகன் புள்ளிக்கும் ஓர் இரட்டை வீடு, அதாவது தனி அறை, இருக்கிற மாதிரியேதான். புள்ளிக்கு ஓர் அறை, பொருள் வைக்கவும் படுக்கவும். மற்றபடி நாள் முழுக்க வளவில்தான். முகப்புத் திண்ணைக்குப் பதில் அந்த முன் வலை. முதல் நாள் ராத்திரி ஆச்சி சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பச்சி இருந்தா நடையில ஈசி சேரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாக" என்று எங்கள் அப்பாவை நினைத்து அந்தப் பின் மேசையைக் காட்டியது. ஒரு வித்தியாசம், கல்யாணமானதும் வேறு வைத்துத் தனி அடுப்பு மூட்டுவது எங்கள் வழக்கம், இங்கே எட்டுப் பேருக்கும் ஒரே அடுப்பு. இந்த நாலு புள்ளிக்கும் ஒரே அடுப்பில் சமையல் நடந்தது முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆனால் வளவில் இருக்கிற வசதியெல்லாம் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். முதலாவது பெட்டி. கடினமான சக்கரப் பெட்டி கொண்டுபோகவே கூடாது, மடித்து வைக்கிற துணிப் பைதான் சரி, இதைக் கம்பெனி எங்களுக்குச் சொல்லவில்லை. எட்டுப் பெட்டியையும் அடுக்கப் படகின் முன்மூக்கில் இருந்த குறுகிய அறை ஒன்று அதற்கே போயிற்று. எதிர் மூக்கு அறையில்தான் படகோட்டித் தம்பி படுத்தான், நெஞ்சளவு அகலம். ஏசி உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது, உண்மைதான், ஆனால் கரையிலிருந்து மின்கம்பி இழுத்துச் செருகினால்தான் ஓடும், நடுக்கடலில் ஜெனரேட்டர் உள்ள படகில்தான் அது நடக்கும், எங்கள் படகில் ஜெனரேட்டர் இல்லை. செப்டம்பராக இருந்ததால் தப்பித்தோம். கழிப்பறையில் காகிதம் போடக்கூடாது, போட்டால் அடைத்துக்கொள்ளும். யாரும் போடவில்லை, ஆனாலும் ஒன்று முதல் நாளே அடைத்துக்கொண்டது, முந்தின வாரத்து ஆட்களின் கைங்கரியம். இரண்டு நாள் கழித்து விஸ் தீவில் ஓர் ஆள் வந்து சரி பண்ணினார். தண்ணீர்த் தொட்டி சுமார் 600 லிட்டர், கேட்க நிறைய மாதிரி இருக்கும், எட்டுப் பேர் வீட்டுக் குளியல் குளித்தால் ஒன்றரை நாளில் வறண்டுவிடும். கடலில் குளித்துவிட்டுப் பின்படியில் இருக்கிற சின்னக் குழாயில் ஒரு நிமிஷம் அலசிக்கொள்வது என்று சட்டம் போட்டோம். ஊரணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வளர்ந்த ஆச்சிக்கு இது சுலபம், சிங்கப்பூர்த் தம்பிதான் அரை மணி நேரம் ஷவரைத் திறந்து விட்டுத் திட்டு வாங்கினான்.

சமையலைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். மூன்று பர்னர் காஸ் அடுப்பு, சின்ன சிலிண்டர் இரண்டு, ஒரு வாரத்துக்குத் தாராளம். மிக்ஸி கொண்டுபோனோம், ஆனால் அது துறையில் மின்சாரம் செருகியிருக்கும்போது மட்டும்தான் ஓடும் என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஆகத் துவையல், தேங்காய் அரைப்பது எல்லாவற்றையும் துறையில் நிற்கிற ராத்திரியிலேயே முடித்து டப்பாவில் போட்டு வைத்தார்கள். கொண்டுபோகிற சாமானில் ஒரு விஷயம் கவனம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் நாம் கையில் கொண்டுபோகத் தடை, அதனால் நெய் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆச்சி புளி, வரமிளகாய், மல்லிப் பொடி, இடியாப்ப மாவு, பருப்புப் பொடி, அப்பளம், வடகம் என்று கட்டி வந்தது. மீதி எல்லாம் ஸ்ப்ளிட்டிலேயே வாங்கினோம், அரண்மனையின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு காய்கறிச் சந்தை கூடுகிறது, தக்காளியும் கத்தரிக்காயும் பூண்டும் முதல் தரம். சின்ன வெங்காயம் மட்டும் நம்ம ருசிக்கு அகப்படவில்லை. மீன் சந்தை தனி. பக்கத்தில் கந்தக ஊற்று இருப்பதால் அங்கே ஈ மொய்க்காது என்று சொல்கிறார்கள், நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன், ஒன்றையும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹ்வார் தீவுக்கு எதிரே பாக்லெனி என்கிற குட்டித் தீவுக்கூட்டத்தில் நங்கூரம் போட்டோம். ஹ்வார் ஊர் அழகுதான், கூட்டம், விலை, இரைச்சல், அதுக்கு மேல் எனக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு முழுச் சந்திர கிரகணம். பதிவு செய்யும்போது யாரும் நாள்காட்டியைப் பார்க்கவில்லை, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது. நாலு மணிக்கே எல்லோரையும் சாப்பிட வைத்து, பாத்திரம் கழுவி, மிச்சமிருந்த குழம்பில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு மூடிவிட்டது. அந்தத் தர்ப்பை எந்தப் பெட்டியில் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. "விடுற வரைக்கும் அடுப்பைப் பத்த வைக்கக்கூடாது, அந்தத் தம்பிக்கும் சொல்லிருங்க." சொன்னோம். படகோட்டித் தம்பி காபி போடக் கையில் எடுத்த பாத்திரத்தைத் திரும்ப வைத்தான். இருட்டியதும் ஹ்வார் மலைக்கு மேலே நிலா வந்தது, வரும்போதே பிடித்திருந்தது, செம்புத் தாம்பாளத்தைத் துலக்காமல் விட்ட நிறம். தேவகோட்டையிலிருந்து அண்ணமிண்டியின் அம்மா போன் பண்ணினார்கள், அங்கே நடுராத்திரியை நெருங்கிக்கொண்டிருந்தது, அவர்களும் மாடியில் நின்று அதே நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் முழுக்க விட்டது. உடனே எட்டுப் பேரும் பின்படியில் வரிசையாக உட்கார்ந்து கடல் தண்ணீரை வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டோம். அந்தத் தம்பி பயந்துபோய் எல்லா விளக்கையும் போட்டு, மிதவையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை விஸ். இந்தத் தீவுக்காகவே மறுபடி போகலாம். யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளமாக வைத்து 1989 வரை வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை, அதனால் பெரிய ஓட்டல்கள் முளைக்காமல் தப்பித்துவிட்டது. மலையைக் குடைந்து நீர்மூழ்கிக் கப்பலை ஒளித்து வைக்க ஒரு சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள், கடலிலிருந்து நேரே படகை உள்ளே விடலாம். எங்கள் திட்டப்படி ஒரு ராத்திரிதான் அங்கே. செவ்வாய் காலை பக்கத்துத் தீவான பிஷேவோவில் நீலக் குகையைப் பார்த்துவிட்டுக் கோர்ச்சுலா பக்கம் போவதாக இருந்தது. மார்க்கோ போலோ பிறந்த ஊர் என்று உரிமை கொண்டாடுகிற தீவு அது. நம்ம பாண்டியர் காலத்துக் காயல் துறைக்கு வந்து போன மனுஷன் என்பதால் அயித்தான் ஆவலாக இருந்தார்.

காற்று மாறிவிட்டது. தொண்டிப் பக்கத்து மீனவர்கள் கச்சான், வாடை என்று பேர் வைத்திருக்கிற மாதிரி அங்கேயும் ஒவ்வொரு காற்றுக்கும் பேர் உண்டு. வெயில் காலத்து மத்தியானங்களில் வடமேற்கிலிருந்து வருகிற நல்ல காற்று மாயெஸ்த்ரால், அதில்தான் பாய் விரிப்பார்கள். வடகிழக்கு மலையிலிருந்து திடீரென்று குளிராக இறங்குவது புரா. தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வந்து, நாள் கணக்கில் நின்று, பெரிய அலையைக் கிளப்புவது யூகோ. செவ்வாய் விடிகாலை வந்தது யூகோ. நீலக் குகைக்குள் சின்னத் தோணியில் தலையைக் குனிந்துகொண்டுதான் போக முடியும், 1884-இல் வெடி வைத்துப் பெரிதாக்கிய வாசலே அவ்வளவு தாழ்வு, அலை இருந்தால் மூடிவிடுவார்கள். உள்ளே நீல வெளிச்சம் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் நன்றாக விழுமாம். மூடியிருந்தது. அத்தனை ஆயிரம் மைல் பறந்து போய்ப் பார்க்காமல் வந்தோம்.

இங்கேதான் படகோட்டியின் அருமை தெரிந்தது. படகோட்டி இல்லாமல் நீங்களே ஓட்டுவதாக எடுத்தால் ஒரு நாளைக்கு 200 யூரோ மிச்சம் என்று ஒரு வழி உண்டு, அதற்கு அவர்கள் ஏற்றுக்கொள்கிற படகு லைசென்சும் வானொலிச் சான்றிதழும் வேண்டும், எங்களிடம் இரண்டும் இல்லை, இருந்திருந்தாலும் அன்றைக்கு என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. சிங்கப்பூர்த் தம்பி, போட்ட பணம் வீணாகிறது, மெதுவாகவாவது போகலாமே என்று இரண்டு தடவை கேட்டான். படகோட்டித் தம்பி குரலை உயர்த்தவே இல்லை. அவனை அழைத்துக்கொண்டு துறைச் சுவரின் கோடிக்குப் போய் வெளிக்கடலைக் காட்டினான். திரும்பி வந்து தம்பி ஒன்றும் பேசாமல் சீட்டுக்கட்டை எடுத்தான். விஸ் ஊர்த் துறை வடகிழக்கு பார்த்த வளைகுடாவுக்குள் இருப்பதால் யூகோவுக்கு நல்ல மறைவு, அங்கேயே இன்னும் இரண்டு ராத்திரி கட்டிக் கிடந்தோம்.

எனக்கு அந்த இரண்டு நாள்தான் பயணம். மழை, வெளியே கயிறுகள் முனகுகிற சத்தம், உள்ளே எட்டுப் பேர். துறையில் மின்சாரம் இருந்ததால் மிக்ஸி ஓடியது. மீன்காரரிடம் நம்ம சாளை மாதிரியே ஒன்று கிடைத்தது. இந்தத் தீவின் மறுகோடியில் இருக்கிற கொமிஷா, சாளை பிடித்தே பிழைத்த ஊராம். ஆச்சி புளியைக் கரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, வரமிளகாயைக் கொஞ்சம் கூடவே கிள்ளி ஒரு குழம்பு வைத்தது, சன்னலை எல்லாம் திறந்து வைத்தும் வாசம் படகை விட்டுப் போக மூன்று நாள் ஆயிற்று. அப்பச்சி கடைசிக் காலத்தில் ரங்கூன் கடையைப் பற்றிச் சொன்னதில் பாதியை அண்ணன் ஒரு மாதிரியும் ஆச்சி வேறு மாதிரியும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மேசையில்தான் தெரிந்தது. எது சரி என்று முடிவாகவில்லை. வீட்டைப் பங்கு பிரிப்பது பற்றி ஐந்து வருஷமாக யாரும் எடுக்காத பேச்சையும் அண்ணன் அங்கே எடுத்தது. அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன், யாரும் எழுந்து போகவில்லை என்பது மட்டும் சொல்கிறேன்.

வெளியே சாப்பிட்டதில் ஒன்று சொல்ல வேண்டும். கொனோபா என்று அங்கங்கே வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள். சில இடங்களில் அவர்கள் கடையில் சாப்பிட்டால் படகு கட்டுகிற மிதவைக்குக் காசு கேட்பதில்லை, படகோட்டிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. பேகா என்று ஒரு சமையல்: சட்டியில் ஆட்டுக்கறியோ ஆக்டோபஸோ உருளைக்கிழங்கோடு போட்டு, மணி மாதிரி ஓர் இரும்பு மூடியால் மூடி, மேலே தணலைக் கொட்டி வேகவைப்பது. நாலைந்து மணி நேரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும், போய் உட்கார்ந்து கேட்டால் கிடைக்காது. பிரமாதம், ஆனால் மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அந்தச் சட்டி அறியாது. அண்ணமிண்டி சைவம், அதுக்குப் பிளித்வா என்று கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வதக்கியது வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "கீரை மசியலைக் கடையாம வச்சிருக்காக" என்றது, ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

வியாழக்கிழமை கடல் அடங்கி ஹ்வார் தீவின் வடபக்கம் ஸ்டாரி கிராட் போனோம். கி.மு. 384-இல் கிரேக்கர்கள் வந்து குடியேறி, வயலைக் கல் சுவர் வைத்துச் சதுரம் சதுரமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள், அந்த வரப்புகள் இன்னும் பெருமளவு அப்படியே இருக்கின்றன, உள்ளே இன்றைக்கும் திராட்சையும் ஆலிவும் விளைகிறது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சைக்கிள் எடுத்துச் சுற்றலாம். பங்கு பிரித்த நிலம் இத்தனை காலம் நிற்கிறதே என்று அயித்தான் சொல்ல, முந்தின நாள் பேச்சின் சூட்டில் யாரும் சிரிக்கவில்லை, அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

இப்போது அந்த 3,600 யூரோ எங்கே போயிற்று என்று பார்க்கலாம். அயித்தான் வீட்டுக்கு வந்த கையோடு வரவு செலவை ஐந்தொகை போட்டு எல்லோருக்கும் அனுப்பினார். படகோட்டிக்கு ஏழு நாளைக்கு 1,400, அவன் சாப்பாடும் நம்ம பொறுப்பு. படுக்கை விரிப்பு, காஸ், கடைசித் துப்புரவு என்று கட்டாயப் பொட்டலம் ஒன்று 390, இது விளம்பரத்தின் அடியில் கடுகளவு எழுத்தில் இருந்தது. கரைக்குப் போகிற குட்டி ரப்பர் படகுக்கு மோட்டார் தனியாக 100. ரப்பர் படகு இலவசம், துடுப்பு போட விரும்பினால்! டீசல் 210. துறைகளிலும் மிதவைகளிலும் கட்டிய கூலி 520, விஸ்ஸில் மூன்று ராத்திரி நின்றதால் கூடிவிட்டது. சுற்றுலா வரி 80. சாமான், ஓட்டல் சாப்பாடு எல்லாம் சேர்த்து 900. இதில் எதுவும் ஏமாற்று இல்லை, அங்கே எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் போடுகிறதாம், ஆனால் ஆச்சி மகன் முதலிலேயே மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு மின்னஞ்சல் போட்டதற்கு, வாடகையில் எல்லாம் அடக்கம் என்கிற தொனியில் ஒரு வரிப் பதில் வந்தது. அதுதான் எனக்குக் கோபம். போகிறவர்கள் 6,000 என்று கண்டால் மனசுக்குள் பத்தாயிரம் என்று வாசித்துக்கொள்ளுங்கள், நிம்மதியாக இருக்கலாம்.

கோபத்துக்கு இன்னொரு காரணம் முன்பணம். 3,500 யூரோவைக் கடன் அட்டையில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், படகு சேதம் இல்லாமல் திரும்பினால் விடுவிப்பார்கள். ஏறுகிற அன்றைக்கு ஐந்து மணி என்று சொல்லி ஏழு மணிக்குத்தான் படகைக் கையில் கொடுத்தார்கள், இருட்டுகிற நேரம், சரிபார்ப்புப் பட்டியலைக் கம்பெனி ஆள் கடகடவென்று வாசிக்க நாங்கள் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமை திரும்பும்போது டீசல் நிரப்புகிற இடத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வரிசை (மத்தியானமே வந்துவிடுவது புத்திசாலித்தனம், எங்கள் தம்பி சொன்னான், நாங்கள்தான் கடைசியாக ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அடம் பிடித்தோம்). துறையில் ஒரு முக்குளிப்பவர் படகின் அடியை எல்லாம் பார்த்தார், சுத்தம். அப்புறம் ரப்பர் படகு மோட்டாரின் விசிறியில் ஓர் இதழ் வளைந்திருக்கிறது, 180 யூரோ என்றார்கள். நாங்கள் அதை எங்கும் இடிக்கவில்லை. படகோட்டித் தம்பியும் எங்களுக்காகப் பேசினான், அவனுக்குக் கம்பெனியிடம் மறுபடி வேலை வேண்டும் என்றாலும் பேசினான். கேட்கவில்லை, பிடித்துக்கொண்டார்கள். ஆகவே ஏறும்போதே, இருட்டாக இருந்தால் டார்ச் அடித்தாவது, ஒவ்வொரு மூலையையும், ரப்பர் படகின் மோட்டார் விசிறி உட்பட, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து அண்ணமிண்டி தன் அம்மாவுக்குக் காட்டவென்று எடுத்த வீடியோக்களைக் குடும்பக் குழுவில் போட்டது. முதல் நாள் சாயங்காலம், துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், பின்படியில் உட்கார்ந்து ஆச்சி கத்தரிக்காய் நறுக்குகிற வீடியோ. ஆச்சியின் தலைக்குப் பின்னால், தூக்கிக் கட்டிய ரப்பர் படகில் மோட்டார் மேலே பார்த்து நிற்கிறது, விசிறியில் ஓர் இதழ் நன்றாக வளைந்திருக்கிறது. ஆச்சி மகன் அதைப் பெரிதாக்கிக் கம்பெனிக்கு அனுப்பி வைத்தான். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. அந்த 180 யூரோவை அயித்தான் செலவில் ஏற்றவில்லை, வரவிலும் வைக்கவில்லை, அனாமத்துக் கணக்கில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்.